ஐந்தைந்தாக

நாற்பத்தாறு வயதில்
சட்டைப்பைக்கு மேல் ஓர் அட்டை குத்தினார்கள்.
ரூடி கிவேலா. கீழே சின்ன எழுத்தில்: பயிலுநர்.

படிக்கும்போதே சம்பளம்,
மணிக்குப் பதினேழரை டாலர்.
விளம்பரத்தைப் பார்த்தது மனைவிதான்,
சுரங்கம் மூடிய ஏழாம் மாதம்,
எரிவாயு பில்லா, பனிக்கால டயரா
என்று நாங்கள் பேசாமலே
சண்டை போட்ட இரவில்.

இருநூற்று நாற்பது டன் ஏற்றும் லாரியில்
பத்தொன்பது வருடம்.
சக்கரமே இரண்டு ஆள் உயரம்.
இப்போது ஒரு நீலத் தட்டு,
அதில் கடுகுக்கு அண்ணன் மாதிரி வெள்ளை மாத்திரைகள்.
ஐந்து, பத்து, பதினைந்து என்று
தட்டைக் கரண்டியால் ஒதுக்க வேண்டும்.
முதல் நாள் முப்பதுக்கு இருபத்தொன்பதுதான் வந்தது.
மிச்சம் ஒன்று என் பூட்ஸ் வரிப்பள்ளத்தில்.

கீழே விழுந்ததைக் கொடுக்கக் கூடாது,
குப்பையிலும் போடக் கூடாது
என்றாள் பா ஹூவா வாங், மருந்தாளுநர், வயது இருபத்தெட்டு.
தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு
நின்றபடியே மதியச் சாப்பாட்டை முடிப்பவள்.
விழுந்த ஒன்றுக்கு ஒரு டப்பா, ஒரு பதிவேடு, ஒரு கையெழுத்து.
மலையையே சிந்தியிருக்கிறோம் நாங்கள்,
யாரும் கையெழுத்துக் கேட்டதில்லை.

இரவில் சமையலறை மேசையில் பாடம்.
இரட்டைப் பிள்ளைகள் போல இரண்டு மருந்துப் பெயர்கள்,
ஒன்று மூட்டுக்கு, ஒன்று மனத்துக்கு.
நடுவே இரண்டெழுத்துதான் வேலி.
என் மகள் கேள்வி கேட்பாள், நான் மாற்றிச் சொல்வேன்,
"ஆளைக் கொன்னுட்டே" என்பாள், பிஸ்கட் கடித்தபடி.

வியாழக்கிழமை என் வேலை
யாரும் வாங்க வராத பைகளைக் கலைப்பது.
பத்து நாள் கெடு.
பிறகு பெயரை உரித்துவிட்டு
மருந்தை அலமாரிக்குத் திருப்ப வேண்டும்.

மூன்றாவது பையில்
எனக்குத் தெரிந்த ஒரு பெயர்.

யாரென்று சொல்ல மாட்டேன்.
என்ன மருந்தென்றும்.
முதல் வாரமே வாய்க்குப் பூட்டுப் போட்டுச்
சாவியை எழுதிக் கொடுத்துவிட்டேன்.
இவ்வளவு சொல்லலாம்:
அது நிறுத்தக்கூடிய மருந்தில்லை.
சுரங்கம் ஓடிய நாளில் அதற்குப் பத்து டாலர்.
சீட்டில் இப்போது நானூற்றுப் பதினொன்று.

நகம் ஒட்டுத்தாளின் ஓரத்துக்குப் போய்விட்டது.
எடுத்துவிட்டேன்.

"நான் கூப்பிடலாமா?"
"கூப்பிடலாம். தாளில் இருக்கிறதை மட்டும் பேசுங்க."
திரும்பிப் பார்க்காமல் சொன்னவள்
இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தைத்
தட்டின் பக்கம் தள்ளினாள்.

நாலாவது மணியில் எடுத்தாயிற்று. பின்னால் ஹாக்கி ஆட்டம்.
மருந்துக்கடையிலிருந்து பேசுகிறோம் என்றேன்.
பிறந்த தேதி கேட்க வேண்டும்,
தெரிந்தும் கேட்டேன்.
அந்தத் தேதியில் எத்தனை வருடம்
கேக் வெட்டியிருக்கிறோம், ஓய்வறையில், பெட்டி வெட்டும் கத்தியால்.

ஹாக்கிச் சத்தம் நின்றது.
"ரூடியா?"

தாளில் இதற்குப் பதில் இல்லை.
"ஆமாம்" என்றேன். "பயிலுநர்."

ஒரு சிரிப்பு. லாரி ரேடியோவில்
கரகரத்துக்கொண்டே வருமே, அதே சிரிப்பு.
பிறகு அதுவும் இல்லை.
விலை குறைக்க ஒரு படிவம் இருக்கிறது,
நிரப்பப் பத்து நிமிடம், என்றேன்.
மூச்சு மட்டும் கேட்டது.
"எத்தனை மணி வரைக்கும் இருப்பே?"
"ஆறு."

பையை உரிக்காமல் வரிசையின் கடைசியில் வைத்தேன்.
நாலரைக்கே இருட்டு, கண்ணாடி முழுக்கப் பனி.
ஆறுக்கு பா ஹூவா ஷட்டரை இறக்கினாள்,
பாதியில் நிறுத்தினாள்,
ஏனென்று சொல்லவில்லை.

நாளைக்கான தட்டைக் கொட்டினேன்.
ஐந்து, பத்து, பதினைந்து, இருபது.
வாசலில் ஒரு விளக்கொளி திரும்பியது,
தயங்கியது,
எண்ணிக்கை போயிற்று.
மறுபடி முதலிலிருந்து.
ஐந்து.