காற்புள்ளி

சிலியின் தென்கோடி, புந்தா அரேனாஸ்.
இங்கே தசமத்துக்குப் புள்ளி வைப்பதில்லை,
காற்புள்ளிதான்.
அட்டைகள் தீர்ந்து கடைசியில்
எனக்கு வந்தது அது.
பெயரில் கால் இருந்தாலும்
நடக்கக் கூடாது.

தகரக் கூரையைக் காற்று பிடுங்கிக்கொண்டிருக்க
"பத்தால் பெருக்கு!" என்று கத்தினார் மத்துரானா டீச்சர்.
எல்லாரும் ஓரடி இடப்பக்கம்.
என் முதுகுக்குப் பின்னால் புகுந்து தாண்டினாள்
பூஜ்யம் ரோசியோ.
"வகு!"
திரும்பி வந்தாள்.
நாலு நவுவெல், நான், அவள், ஏழு இபார்ரா:
4,07

"ஒன்றுமில்லாதவளுக்கு எதற்கு இந்த அலைச்சல்?"
போய் ஹீட்டர் ஓரம் உட்கார்ந்துவிட்டாள்.
இடம் காலியானதும்
இபார்ரா என்னை ஒட்டி வந்து நின்றான்.
ஓரடி நகர்ந்தவனுக்குப் பத்து மடங்கு மவுசு.

நவுவெல்தான் அலறினான்.
அவன் அப்பா துறைமுகத்தில் நண்டு விற்பவர்.
"கிலோவில் போட்டுப் பார்!
அறுநூற்று முப்பது கிராம்,
இல்லாத நண்டை யார் தலையில் கட்டுவது?"

டீச்சர் வாயே திறக்கவில்லை.
நாலும் ஏழும் போய்
பூஜ்யத்திடம் கெஞ்சின.
வந்தாள்,
ஷூ லேஸை நிதானமாகக் கட்டி முடித்துவிட்டு.

மணி அடித்தது. எண்கள் சிதறி ஓடின.
மரத்துப்போன காலோடு
நான் மட்டும் நின்றேன்.
காற்புள்ளியும் போகலாம் என்று
யாரும் சொல்லவில்லை.