நல்வாவு

மூன்றாம் திருத்தத்தில் "கூட்டாளி நாடு" என்று எழுதினேன்.
எங்கள் பக்கம் கூட்டாளி என்றால்
கைமாற்றுக் கேட்கக் கூசாத ஆள்.
கொழும்பு வெட்டிவிட்டு "நேச நாடு" என்றது.
சரி. நேசம்.

கச்சேரியில் நாலு நாளாய் ஒருவரும் நேரத்துக்குச் சோறு தின்னவில்லை.
அவர் கொடியில் சிவப்பு மேலா கீழா என்று
இரண்டு தொலைபேசி, ஒரு தொலைநகல்.
தலைவருக்கு நண்டு ஒவ்வாதாம்.
மட்டக்களப்புக்கு வந்து நண்டு ஒவ்வாதாம்!
அன்சார் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக்
கோழிக்கு ஆள் அனுப்பினார்.
நெறிமுறை அதிகாரி கேட்டார்:
"பாடும் மீன் எத்தனை மணிக்குப் பாடும்?
நிரலில் நான்கு நிமிடம் இருக்கிறது."
நிலவைக் கேட்க வேண்டும் சேர், என்றேன்.
குறித்துக்கொண்டார்.

இரவு பதினொன்றரைக்குத்தான் முபீஸ் படம் அனுப்பினான்.
கல்லடிப் பாலத்தருகே
கம்பத்துக்குக் கம்பம் இழுத்துக் கட்டிய நாற்பதடிப் பதாகை.
சிங்களம் சரி. ஆங்கிலம் சரி.
நடுவில் எங்கள் மொழி:
நல்வாவு.

ரகரம் நுனி தேய்ந்து
வெறும் துணைக்காலாய் நின்றது.
கடைசி எழுத்தும் கொஞ்சம் பிசகியிருந்தால்
நல்வாவி ஆகியிருக்கும்,
பின்னால் கிடக்கிற தண்ணீருக்காவது பொருந்தியிருக்கும்.
அந்த அதிர்ஷ்டமும் இல்லை.

புதிது அடிக்க நேரமில்லை.
வயருக்குச் சுற்றுகிற கறுப்பு நாடா ஒரு சுருள்,
மின்சார சபை ஏணி ஒன்று.
சேலையைச் செருகிக்கொண்டு ஏறினேன்.
ஏணியைப் பிடித்த அதிரடிப்படைப் பையன்
துவக்கை முதுகுக்குத் தள்ளிவிட்டு
நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.
"ஹரித மிஸ்?"
"தவ டிக்கய்."
மேலே நடப்பது எழுத்தா கீறலா
அவனுக்குத் தெரியாது.
பிடி மட்டும் அசையவில்லை.

ஒரு சாண் நாடா,
சரிவாய், இடப்பக்கம் கீழே.
வாவிக் காற்று இரண்டு தரம் பிய்த்தது.
மூன்றாம் தரம் பல்லால் கடித்து அறுத்து
உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு
நூறுவரை எண்ணினேன்.

காலை பத்து நாற்பத்திரண்டு.
பதினான்கு வண்டி.
எதில் அவர் என்று எங்களுக்குச் சொல்லவில்லை.
கண்ணாடியெல்லாம் கறுப்பு.
மீனுக்கு வைத்த நான்கு நிமிடத்தைத்
தேத்தண்ணிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

பின்னேரம் பதாகையை அவிழ்த்து
ஆளுக்கொரு முனையாய் மடித்தோம்.
பையன் ஏதோ சொல்லிச் சிரித்தான், நானும் சிரித்தேன்.
காத்தான்குடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபிறகுதான் கண்டேன்,
சேலைக் கொய்யகத்தில்
ரகரத்தின் கால்.