பிற்பகல் இரண்டு மணி வரை

கிழக்கே மூன்று என்றால் டுலூத்தில் இரண்டு.
அதற்குள் சொல்லியாக வேண்டும்,
லெமுவேல் ப்ரூவிட்டை விற்கிறோமா இல்லையா என்று.

விற்பது என்ற சொல்லை இந்த அறையில் யாரும் சொல்வதில்லை.
'நகர்த்துவது' என்கிறார் மேலாளர் ரூத் ஹௌகன்,
சோபாவைச் சொல்வதுபோல.

நான் அணியின் கணக்குப்பிள்ளை.
வயது முப்பத்தொன்று,
ஆட்டத்துக்கு இருபத்தேழு புள்ளி,
ஒப்பந்தத்தில் மிச்சம் ஒன்றரை ஆண்டு.
இடது முழங்காலைப் பற்றி மருத்துவர் எழுதியது ஒரே வரி:
'இப்போதைக்குப் பரவாயில்லை.'
பரவாயில்லைக்கு விலை போட்டுவிட்டேன்.
இப்போதைக்கு என்பதற்குத்தான்
கட்டம் இல்லை என் தாளில்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன்
இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள்.
பந்தாட்டக்காரன் யானை இல்லை.
எம்பிக் குதிக்கும்வரை கோடி.
ஒருநாள் கோணலாகக் கால் ஊன்றினால்
அதே கோடி
நாம் கட்டித் தீர்க்க வேண்டிய கடன்.

டாம்பாக்காரர்கள் தருவதாகச் சொல்வது:
இரண்டு இளைஞர்கள்
(ஒருவன் எறிவான், ஓடமாட்டான்;
மற்றவனைப் பற்றி அவர்களே அதிகம் பேசவில்லை),
மேலும் மூன்று முதல்சுற்றுத் தேர்வுகள்.
கடைசியானது ஏழு வருடம் கழித்து.

அதில் வரப்போகிறவனுக்கு
இன்று பன்னிரண்டு வயதிருக்கும்.
எங்கோ ஒரு வகுப்பில்
பின்னக் கணக்கைப் பார்த்துக் கொட்டாவி விடுகிறான்.
குரல் உடையவில்லை.
லேஸ் கட்டாமல் ஓடி
அம்மாவிடம் திட்டு வாங்குகிறான்.
அவனைத்தான் தராசின் மறுதட்டில் வைத்திருக்கிறோம்.
நாளைக்கே அவனுக்கு
டிரம்பெட் பிடித்துப்போய்விட்டால்?

ரூத் ஜன்னலோரம் நிற்கிறார்.
ஏரி இறுகிக் கிடக்கிறது,
மீன்பிடிக் குடில்கள் வண்ண வண்ணமாய் அதன்மேல்.
"என் தம்பி ஆர்விட் தெரியுமில்லையா?
போன வருஷம் எல்லாரும் குடிலை இழுத்த பிறகும்
ஒருநாள் கூட வைத்திருந்தான்.
அன்றைக்குத்தான் மீன் அள்ளிக்கொண்டு வந்ததாம்.
இன்னும் சொல்லிச் சிரிக்கிறான்.
குடில் கீழே இருக்கிறது."

அவர் எந்தப் பக்கம் பேசுகிறார் என்று
எனக்குப் புரியவில்லை.

ஒன்றேகாலுக்குக்
கதவுச் சட்டத்துக்குத் தலை குனிந்து
லெமுவேலே வந்து நின்றார், என் மேசை முன்.
டாம்பா பற்றிக் கேட்கவில்லை.
"ஜோவெட்டுக்கு ஸ்கேட்டிங் வகுப்பு.
இரண்டாம் தவணை கட்டச் சொல்கிறார்கள்.
நாளைக்குள் கட்டினால் தள்ளுபடி உண்டாம்."
கொஞ்சம் நிறுத்தி,
"கட்டட்டுமா?"

இருநூற்றுப் பத்து டாலர்.
என் தாளில் இருந்த எண்களிலேயே
சின்னது அதுதான்.
தண்ணீர் குடித்தேன்.
ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்,
எதற்கும் பதில் ஆகாத ஒன்றை.
தலையாட்டிவிட்டுப் போனார்.
இடது காலை லேசாகத்தான்,
மிக லேசாகத்தான்,
தாங்கித் தாங்கி. அல்லது
அப்படித் தெரிய வேண்டுமென்று நான் பார்த்தேன்.

ஒன்று ஐம்பத்தாறுக்கு டாம்பா
இன்னொரு தேர்வைச் சேர்த்தது.
ரூத் தொலைபேசியைக் காதில் வைத்தபடி
பேசாமல் நின்றார்.
சுவர்க் கடிகாரம் கொஞ்சம் முந்தி ஓடும் என்பது
எங்கள் எல்லோருக்கும் தெரியும்.
இருந்தும் அதையே பார்த்தோம்.
"இல்லை," என்றார்.
பிறகு, யாரோ காரணம் கேட்டதுபோல,
"எனக்கு அந்த மீன் வேண்டும்."

அன்றிரவு முப்பத்தெட்டுப் புள்ளி.
அரங்கம் எழுந்து நின்று கத்தியது.
நானும் நின்றேன், நானும் கத்தினேன்.
அவர் மேலே போனதை எல்லோரும் பார்த்தார்கள்.
நான் எண்ணிக்கொண்டிருந்தது
இறங்கியதை:
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு,
நாற்பத்து