நான்கு கிலோ பொய்

எடை எவ்வளவு என்று கேட்டான் பைலட்,
பெயரைக் கேட்பதற்கும் முன்னால்.
அறுபத்தெட்டு என்றேன்.
எழுபத்திரண்டு
எனக்குப் பின்னால் வரிசையில் நின்று
கேட்டுக்கொண்டிருந்தது.

ரேஷன் கடைத் தராசை
விரலால் அழுத்தியவனோடு
தெருவே வேடிக்கை பார்க்கச் சண்டை போட்டவள் நான்.
பிலா மணல்மேட்டின் உச்சியில்
என் தராசில் நானே விரல் வைத்தேன்,
மேல்நோக்கி.

கூடாரத் திடலுக்கு வந்து நான்கு நாள்.
பாத்திரம் கழுவும் தொட்டியில்தான் எல்லோரும் அறிமுகம்.
நான்ட் நகரத்து நர்ஸ் மயெல்.
பல்வலியோடு வந்து
பல்வலியோடே நீந்தும் அவள் தம்பி லோயிக்.
காசலில் டிராம் ஓட்டி ஓய்வுபெற்ற டெட்லெஃப்.
யார் மொழியும் யாருக்கும் முழுசாகத் தெரியாது.
கரண்டி கடன் கேட்க
அவ்வளவு மொழி தேவைப்படவில்லை.
என் ரசப்பொடியை முட்டைமேல் தூவித் தின்று
தும்மி
கண்ணைத் துடைத்துக்கொண்டு
இன்னும் கொஞ்சம் கேட்டார் டெட்லெஃப்.

அவர் நூற்றுப் பதினெட்டு கிலோ.
உண்மையைச் சொல்லிவிட்டதால்
அவரை ஏற்றவில்லை.

"மஞ்சள் தொப்பி" என்றார் என்னிடம்,
தலையைத் தொட்டு, காட்டைக் காட்டி.
கடைசி டிராமை நிறுத்திய அன்று
டிப்போவில் கொடுத்தது.
ஞாயிற்றுக்கிழமைக் காற்று கொண்டுபோய்விட்டது.
மேலே போனால் பார்.

ஓடு என்றான் பைலட். ஓடினேன்.
மூன்றாவது எட்டில் மணல் இல்லை.
கால் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை என்போமே,
அதைச் சொன்னவர் யாரும்
வயிறு எங்கே இருந்தது என்று சொன்னதில்லை.

பிறகு சத்தமெல்லாம் அடங்கிற்று.
இந்தப் பக்கம் கடல். அந்தப் பக்கம்
முன்பொரு கோடையில் எரிந்து
திட்டுத்திட்டாய்த் துளிர்க்கும் பைன் காடு.
அப்பா அம்மா நடுவே குறுக்காகப் படுத்த
பிள்ளையைப்போல மணல்.
கீழே கையசைத்த புள்ளிகளில்
அகலமான புள்ளி டெட்லெஃப்.

தாங்கவில்லை எனக்கு.
"நான்கு கிலோ மறைத்துவிட்டேன்!" என்று கத்தினேன்.
பைலட்டின் சிரிப்பு என் முதுகில் அதிர்ந்தது.
"யார் சொன்னாலும்
ஐந்து கூட்டித்தான் எழுதுவேன், மதாம்."

அப்படியென்றால்
இல்லாத ஒரு கிலோவையும் சுமந்துகொண்டு
பறந்துகொண்டிருந்தேன்.

திரும்பும்போது, காட்டு விளிம்பில்,
ஏதோ மஞ்சளாய்.
தொப்பியாக இருக்கலாம். பையாக இருக்கலாம்.
வெயில்கூட அப்படி விழும்.

இறங்கி, முழங்காலில் மணலோடு,
பார்த்தேன் என்றுதான் சொன்னேன்.
இருக்கலாம் என்பதற்கு
என்னிடம் ஜெர்மன் வார்த்தை இல்லை.

செய்தி காற்றுவாக்கில் திடல் முழுக்கப் போய்விட்டது.
காலையில் காட்டுக்குள் ஏழு பேர்,
பெயரே தெரியாத மூவர் உட்பட,
ஒரு நாய்,
மயெலின் பிளாஸ்க்கில் காப்பி.
எல்லோர் அண்ணாந்த முகத்தையும் பார்க்காமல்
தரையைப் பார்த்து நடந்தேன்.

இருந்தது.
எட்டாத கிளையில், மஞ்சளாய்.

டெட்லெஃப் குனிந்தார்.
அவர் தோளில் ஏறி நின்றான் லோயிக்.
நூற்றுப் பதினெட்டு கிலோ
இம்மியும் அசையவில்லை.

தொப்பிதான்.
மூன்று வயதுக் குழந்தையுடையது,
ஓரத்தில் வாத்துப் படம்.

யாரும் பேசவில்லை. நாய் உட்பட.
டெட்லெஃப் அதை வாங்கித்
தன் பெரிய உச்சந்தலையில் வைத்துக்கொண்டு
கழுத்தை அசைக்காமல்
திடல்வரை நடந்தார், குடம் சுமப்பவர்போல.

சாயங்காலம் மட்டிச் சிப்பி வெந்துகொண்டிருக்கையில்
இடுப்பில் பிள்ளையோடு
ஒருத்தி வந்து நின்றாள், மூன்றாம் வரிசைக் கூடாரம்,
தொப்பியைப் பற்றிக் கேள்விப்பட்டு.
பிள்ளை அதைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டது.
தலைக்குச் சரியாக இருந்தது.

உட்கார் என்றோம் ஆளுக்கொரு மொழியில்.
உட்கார்ந்தாள்.
கரண்டி ஒன்று குறைந்தது.