சுவரில் தண்ணீர்மட்டம்

கப்பலூரில் கப்பல் கிடையாது.
சிட்கோ வளாகத்து எங்கள் பட்டறையிலிருந்து
கடலுக்குப் போக பஸ்ஸில் மூன்று மணி நேரம்.
இருந்தும் மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை
ட்ரெய்லரில் கட்டிய பைபர் படகு ஒன்று
பின்பக்கமாகவே கேட்டுக்குள் வந்தது.

கூட இறங்கியவர் சோணைராசு.
மேலூர்ப் பக்கம் தண்ணீர் நின்ற கல்குவாரிகளில்
முங்கித் தேடுகிறவர்.
என்ன தேடுவீர்கள் என்று நான் கேட்கவில்லை.
பேப்பர் படிக்கிறவன்தான் நானும்.

பழைய ஏணியைத் தூக்கிப் போட்டார்.
தக்கை மாதிரி அலுமினியம்,
இரண்டு பக்கமும் சட்டம், நடுவில் உருட்டுக் கம்பி.
"கால்ல துடுப்ப மாட்டிக்கிட்டு இதுல ஏறிப் பாருங்க.
சட்டத்துல தட்டும்.
கழட்டிட்டு ஏறும்பாங்க.
கழட்டுன பெறகு கை நழுவுச்சுன்னா
நீந்தவும் ஆகாது, ஏறவும் ஆகாது."

கரித்துண்டால் தரையில் வரைந்தார்:
நடுவே ஒரே தண்டு,
இடமும் வலமுமாய்ப் படிகள்,
தின்று முடித்த விராலின் முள்.
ஓரம் திறந்திருப்பதால் துடுப்பு
பக்கவாட்டில் நுழைந்து படிமேல் உட்காரும்.
தண்ணிக்குக் கீழே எத்தனை படி?
"மூணு. முழங்கால நெஞ்சு வரைக்கும் மடக்குற
வயசு போச்சுண்ணே."

முந்நூற்றுப் பதினாறா, முந்நூற்று நாலா என்று
இரும்புக் கடையில் ஒரு முற்பகல் போனது.
ரகமத்துல்லா குழாயைச் சுண்டிக் காதில் வைத்தார்.
உப்புத் தண்ணியா?
கல்லுத் தண்ணி.
"அப்ப நாலு போதும்.
மிச்சக் காச கனத்துல போடு."
மூன்று மில்லி குழாய் எடுத்தேன்.

எடை எவ்வளவு எழுத, என்றேன்.
"நான் எழுபத்தாறு. சிலிண்டர் பதினஞ்சு. ஈயம் ஆறு."
நூறு என்று எழுதப் போனேன்.
பேனா முனையைப் பார்த்தபடி சொன்னார்:
"தனியாத்தான் ஏறி வருவேன்னு யாரு சொன்னா?"
இருநூற்றைம்பது என்று எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டேன்.

பின்பலகையில் எஞ்சினுக்கு இடப்பக்கம்,
விசிறியிலிருந்து ஒரு முழம் தள்ளி,
ஆறு துளை.
ஸ்க்ரூ பைபரைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.
போல்ட் ஊடுருவி, உள்ளே மரைன் ப்ளையையும் கடந்து,
அந்தப் பக்கம் நட்டைக் கடிக்க வேண்டும்.
துளையின் உதட்டுக்கு ரெசின், வாஷருக்கு அடியில் பசை.
ஒரு துளையைத் தவசி சாய்த்துவிட்டான்.
அடைத்து, ஒரு ராத்திரி காயவிட்டு, மறுபடி போட்டோம்.
நான் திட்டவில்லை. ஏனென்று அவனுக்கும் விளங்கவில்லை.

சோதிக்கத் தண்ணீருக்கு எங்கே போவது?
குண்டாற்றில் மணல்கூட மிச்சமில்லை.
படகை ஜாக்கியில் நிறுத்தி
சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தேன்.
இதுதான் தண்ணீர்மட்டம்.
கோட்டுக்குக் கீழே வெல்டிங் மிஷின், டீ வாளி,
கரண்ட் பில் அட்டை, உட்கார்ந்திருந்த தவசி முழுசாக,
நான் நெஞ்சுவரை.

முழு உடுப்பில் மண்டியிட்டார் சோணைராசு.
கண்ணாடியை ஈரத்துணியால் மறைத்துக்கொண்டார்.
"அங்க எதுவும் தெரியாது. கால்தான் படியத் தேடணும்."
ஒன்று. இரண்டு. மூன்று.
கோட்டைத் தாண்டுகிற இடத்தில் நின்றார்.
"இங்கதாண்ணே. இதுவரைக்கும் எதுக்கும் எடையில்ல.
இங்க வந்ததும் எல்லாம் ஒண்ணா வந்து ஏறிக்கும்."
அப்படியே கொஞ்ச நேரம் நின்றார்.
கீல் முனகவில்லை.
அந்த நாலாவது படியை மட்டும்
மறுநாள் வெட்டி, ஓர் அங்குலம் அகலமாக்கினேன்.
பில்லில் சேர்க்கவில்லை.

படகு போய்விட்டது. கோடு இருக்கிறது.
கிரைண்டர் ஓட்டிவிட்டு நிமிரும்போதெல்லாம்
தலை கோட்டுக்கு மேலே வந்ததும்
தவசி வாயைப் பிளந்து ஒரு மூச்சு இழுக்கிறான்.
விளையாட்டுக்குத்தான்.

சித்திரையில் பேப்பரில் மூன்று வரி.
வயது பதினேழு என்றிருந்தது.
எடை போட மாட்டார்கள்.
நோட்டைத் திறந்து
இருநூற்றைம்பதைப் பார்த்தேன்.
தாங்கும்.