ஆறு சென்ரிமீற்றர்

வவுனியா நாற்றுமேடைக்காரன் சொன்னதை
எழுதிச் சட்டியில் ஒட்டியிருக்கிறேன்:
முழு வளர்ச்சி ஆறு சென்ரிமீற்றர்.
வருஷத்துக்கு அரை, நல்லாய்ப் பார்த்தால் முக்கால்.
வெளிச்சம் குறைந்தால் கழுத்து நீளும்,
அது வளர்ச்சியில்லை என்றும் சொன்னான்.

மாங்குளம் கிளை, இரண்டாம் கவுண்டர்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
நான், கல்குலேற்றர், முத்திரை மை,
தயிர்க்கோப்பை மண்ணில் அது.
மாதமுடிவில் கணக்கு முடித்த கையோடு
அடிமட்டம் வைப்பேன்.
மாசியில் மூன்று தசம் இரண்டு.
ஆடியில், கச்சான் அடித்து
யன்னலெல்லாம் செம்மண் தூசி,
மூன்று தசம் இரண்டேதான்.

ஒலுமடுவிலிருந்து வரும் நவமலர்
தவணைப் புத்தகத்தை நீட்டியபடி கேட்டா:
"இது எவ்வளவு வளரும், தங்கச்சி?"
ஆறு.
"அதுக்குப் பிறகு?"
நிற்கும். பக்கத்தில் குட்டி போடும்.
அவ சிரித்த சிரிப்பில் காவலாளி திரும்பினார்.
"வட்டிதான் குட்டி போடுமெண்டு நினைச்சன்."

எடுத்தது அறுபதாயிரம், கிணற்று மோட்டருக்கு.
கட்டியது, என் திரையில், எழுபத்தொன்று.
நிலுவை இன்னும் இருபத்துமூன்று.
முழு வளர்ச்சி என்றொரு கட்டம்
எங்கள் படிவத்தில் இல்லை.

இன்று வேரோடு ஒன்று பிரிந்து வந்தது,
கடலைப்பருப்பு அளவில்.
ரசீதை மடித்து அதற்குள் வைத்துக் கொடுத்தேன்.
"எத்தினை நாளைக்கொருக்கா தண்ணி?"
மறந்து மறந்து ஊத்துங்கோ, போதும்.

அவ மறக்கிற ஆளில்லை.
பத்தாந் திகதியை
மூன்று வருஷமாய் ஒருக்காலும் மறக்காதவ.
அழுகவிட்டுவிடுவா என்றுதான் பயம்.