மூழ்கிய நகை

பள்ளத்தூரில் ஒரு பாகப்பிரிவினை.
பதினொரு பங்கு.
எனக்கு நாள் கூலி, ஒரு மேசை, ஒரு உரைகல்,
பத்து மடங்கு காட்டும் ஒற்றைக் கண்ணாடி.
காரைக்குடி வங்கியில் வாரம் ஐந்து நாள் செய்கிற வேலைதான்:
தங்கமா, எத்தனை மாற்று, கல் கழித்து எவ்வளவு.

வெள்ளிச் சாமான் எல்லாம் எடைபோட்டு முடிந்தபிறகு
பிஸ்கட் தகரத்தின் அடியில்
நூலால் சீட்டுக் கட்டிய ஒரு குழல்.
சுண்டுவிரல் நீளம். காய்ந்த தேன் நிறம்.
"பிளாஸ்டிக்" என்றார் அடைக்கப்பன்.
சிங்கப்பூரிலிருந்து வீடியோவில் இருந்த சிகப்பி
"கழிச்சுருங்க" என்றாள்.

சீட்டில் ஒரு எண் இருந்தது.
எண்ணுக்கு ஒரு பேரேடு இருந்தது.
கறையான் விட்டுவைத்த பக்கத்தில், சரிந்த கையெழுத்தில்:

மொகாங் கடை. தாது வருடம், ஐப்பசி.
லாபாங் லூ, மலைக்காரி.
அம்பர் காதுக்குழல் ஒன்று. சோடி இல்லை.
அரிசிச் செலவுக்கு ரூபாய் ஆறு.
இரண்டு வருடம் வட்டி வரவில்லை.
மூழ்கியது.

எங்கள் தொழிலில் அது அன்றாடச் சொல்.
தவணை தாண்டினால் நகை மூழ்கும்.
அதற்குத் தண்ணீர் வேண்டியதில்லை.
ஒரு காது வெறுமையாக
அவள் மலையேறிப் போயிருப்பாள்.

கண்ணாடியை வைத்தேன்.

உள்ளே ஒரு கொசு.
கொசு மாதிரி ஒன்று, இறகு விரித்தபடி.
கால் ஐந்து.
ஆறாவது
ஒரு மயிரளவு தள்ளி, தனியாக,
பிசின் வழிந்த திசையில் கிடந்தது.
இழுத்திருக்கிறது.
கால் வந்தது, உடல் வரவில்லை.
வயிற்றருகே ஒரு குமிழி,
கடுகில் பாதி.

தேவகோட்டையில் பூச்சியியல் நடத்துகிற
மீனலோசனிக்குப் படம் அனுப்பினேன்.
நெடுநேரம் தட்டச்சிக்கொண்டே இருந்தாள்.

"அண்ணே, பர்மா அம்பர்னா
பத்துக் கோடி வருசத்துக்குக் கிட்ட.
அப்ப இமயமலை கிடையாது.
நீங்க உக்காந்திருக்க ஊரு
தெக்க, கடலுக்கு நடுவுல,
மடகாஸ்கரோட ஒட்டிக் கிடந்துச்சு.
பூவே அப்ப புதுச்சரக்கு.
காலைப் பாருங்க, மஞ்சத்தூள் இருக்கா?
இருந்தா எந்தப் பூவுக்குப் போயிட்டு வந்துச்சுன்னு
கண்டுபிடிக்கலாம்."

பார்த்தேன்.
என் கண்ணாடிக்கு அவ்வளவு கண் இல்லை.

பிறகு இன்னொரு வரி:
"உள்ள சதை இருக்காதுண்ணே. பெரும்பாலும் வெத்துக் கூடுதான்.
உருவம் மட்டும் அப்படியே நிக்கும்."

காலையில் நாற்பத்தோரு அறை திறந்து பார்த்தவன் நான்.
பதில் அனுப்பவில்லை.

அதற்குள் அடைக்கப்பன்
ஆறு ரூபாய்க்கு வட்டி போட்டுப் பார்த்துவிட்டு,
வட்டிக்கு வட்டியும் போட்டுவிட்டு,
"அந்தக் கொசு கட்டுமா?" என்று சிரித்தார்.
யாரோ, "அப்ப பிளாஸ்டிக் இல்லையா?" என்றார்கள்.
பதினொரு பங்கும் மேசைக்கு நெருங்கி வந்தது.

கண்ணாடி டம்ளர் கேட்டேன். உப்புக் கேட்டேன்.
இனிக் கரையாது என்று
அடியில் தங்கும்வரை உப்பு.
கண்ணாடியும் பேக்கலைட்டும் இதில் அடிக்குப் போகும்.
விட்டேன்.

போனது,
பாதி தூரம்.
பின் எழுந்து, விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி,
படுத்துக்கொண்டு மிதந்தது:
கொசுவும், அதன் ஐந்து காலும்,
தள்ளிக் கிடந்த ஒன்றும்,
அந்தப் பழைய குமிழியும்.

பேரேடு பக்கத்திலேயே திறந்து கிடந்தது.
எழுதியவரைக் குறை சொல்ல முடியாது.
அவர் உப்புப் போடவில்லை.

"என்ன விலை போகும்?" சிகப்பியின் குரல்
அரை நொடி தாமதமாக வந்தது.

பொருள், எடை எழுதினேன்.
மதிப்பு என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.
எந்தப் பங்கு என்ற கட்டத்தில்
லாபாங் லூ.

"பங்கு பதினொண்ணுதான்" என்றார் அடைக்கப்பன்.

டம்ளரில் அது
இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.